வாட் பூச்சாண்டியும் வாடகை அறைச் சமையலும்

சென்னையில் வாடகை அறை தேடி அலைந்தவர்கள் எல்லோரும் ஒரு வசனத்தைக் கேட்டிருப்பார்கள். "தண்ணி பிரச்சனை இல்ல, பைக் நிறுத்திக்கலாம், ராத்திரி பத்து மணிக்கு கேட்டை பூட்டிருவோம்... அப்புறம் தம்பி, இந்த கரண்ட் அடுப்பு, கெட்டில், ரைஸ் குக்கர் எல்லாம் கூடாது. கரண்ட் ரொம்ப இழுக்கும்." ஹாஸ்டல் என்றால் இதே வசனம் நோட்டீஸ் போர்டில் தொங்கும், கீழே அபராதத் தொகையோடு.

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு மூன்று வேளையும் மெஸ்ஸைத் தேடி நடக்கிறார்கள். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைக்க வழியில்லை. பரீட்சை நேரத்தில் ராத்திரி ஒரு டீ வேண்டுமென்றால் கேட் பூட்டியிருக்கிறது. இத்தனைக்கும் காரணமாகச் சொல்லப்படுவது "இழுக்கும்" என்கிற ஒரே வார்த்தை. எவ்வளவு இழுக்கும்? எத்தனை பைசாவுக்கு? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. செமஸ்டர் பேப்பரில் கிலோவாட்-மணிக் கணக்குப் போட்டு மார்க் வாங்கிய இன்ஜினியரிங் பிள்ளைகளும் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

குழப்பம் ஆரம்பிக்கும் இடம் பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். இண்டக்‌ஷன் அடுப்பில் 2000 வாட் என்று போட்டிருக்கும். ஃபேனில் 75 வாட். அடேங்கப்பா, 27 ஃபேன் ஓடுகிற கரண்ட்டை ஒரு அடுப்பு தின்கிறதே என்று வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் மின்வாரியம் வாட்டுக்குக் காசு வாங்குவதில்லை, யூனிட்டுக்கு வாங்குகிறது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட் என்பது குழாயின் அகலம் மாதிரி. குழாய் எத்தனை நேரம் திறந்திருந்தது என்று தெரியாமல் தொட்டி நிறைந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

எல்லா வீட்டிலும் இருக்கும் உதாரணம் மிக்சியும் கிரைண்டரும். மிக்சி 750 வாட், மேஜைக் கிரைண்டர் 150 வாட். எதற்கு பில் அதிகம் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் மிக்சியைத்தான் கை காட்டுவார்கள். மிக்சி சட்னி, மசாலா எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் ஓடும், அது 0.075 யூனிட். கிரைண்டர் மாவுக்கு நாற்பது நிமிடம் சுற்றும், அது 0.1 யூனிட். ஸ்டிக்கரில் ஐந்தில் ஒரு பங்கு இருந்த கிரைண்டர்தான் பில்லில் ஜெயிக்கிறது.

இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கும் கெட்டிலை எடுத்துக்கொள்ளலாம். அரை லிட்டர் தண்ணீர், சென்னை வெயிலுக்கு 30 டிகிரியில் குழாயிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 100 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டிய வெப்பம் சுமார் 147 கிலோஜூல், அதாவது 0.041 யூனிட். இது இயற்கையின் கணக்கு, எந்த அடுப்பாலும் இதற்குக் கீழே போக முடியாது. கெட்டிலில் சூடு பக்கவாட்டில் கொஞ்சம்தான் போகும், அதனால் மீட்டரில் 0.047 யூனிட் காட்டும். 1500 வாட் கெட்டிலுக்கு இரண்டு நிமிட வேலை. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று அநியாய விலை வைத்தாலும் 47 பைசா. ராத்திரி எட்டு மணி நேரம் சுற்றும் சீலிங் ஃபேன் 0.6 யூனிட், அதாவது பன்னிரண்டு கெட்டில் தண்ணீர். காலையில் ஒரு பக்கெட் வெந்நீரில் குளித்தால், 20 லிட்டரை வெறும் 15 டிகிரி ஏற்றியதற்கே 0.35 யூனிட், அதாவது ஏழு கெட்டில். பாத்ரூமில் கீசரை மாட்டி வைத்துக்கொண்டு அறையில் கெட்டிலைத் தேடி ரெய்டு நடத்தும் வார்டன்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அதே அரை லிட்டரை மற்ற பொருள்களில் வைத்தால்? இண்டக்‌ஷனில் ஏறக்குறைய 0.05 யூனிட். மைக்ரோவேவில் 0.07-ஐ நெருங்கும், ஏனென்றால் அது சுவரிலிருந்து எடுக்கும் கரண்ட்டில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தைத்தான் உணவுக்குள் அனுப்புகிறது. ஆகவே மைக்ரோவேவில் டீத்தண்ணீர் கொதிக்க வைப்பது அசட்டு வேலை. ஆனால் ஒரு தட்டு பழைய சாதத்தை இரண்டு நிமிடம் சுட வைக்க அதை மிஞ்ச ஆளில்லை. பாத்திரம், வாணலி, எண்ணெய் எதையும் சூடாக்க வேண்டியதில்லை, 0.04 யூனிட்டோடு முடிந்தது. எந்தப் பொருள் சிக்கனம் என்று மொட்டையாகக் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. எந்த வேலைக்கு, எவ்வளவு அளவுக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

குறைந்த வாட் பொருளாகப் பார்த்து வாங்கி மிச்சம் பிடிக்கும் கோஷ்டி ஒன்று உண்டு. 600 வாட் கெட்டில் வாங்கிவிட்டு, 1500 வாட் வாங்கியவனைப் பார்த்து ஊதாரி என்பார்கள். கொதிக்க வேண்டிய தண்ணீர் ஒன்றே, தேவைப்படும் வெப்பமும் ஒன்றே. 600 வாட்காரருக்கு அது ஐந்து நிமிடம் ஆகும், அந்த ஐந்து நிமிடமும் கெட்டிலின் சுவர் வழியாகச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். கடைசியில் அவருக்குத்தான் ஒரு துளி பில் அதிகம்.

பில்லைத் தீர்மானிக்கும் நிஜமான வில்லன் வேறு. அவர் பெயர் ஆவி.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுபோக 0.08 யூனிட் போதும். கொதித்த அந்த ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 0.63 யூனிட் வேண்டும், அதாவது ஏறக்குறைய எட்டு மடங்கு. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த பிறகு எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதன் சூடு 100-ஐத் தாண்டாது. கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் ஆவியாகி ஜன்னல் வழியாகப் போய்விடும். மூடியில்லாத பாத்திரத்தில் "நல்லா தளதளன்னு கொதிக்கட்டும்" என்று பருப்பை விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போகும் வீட்டில், எந்த அடுப்பை வாங்கி வைத்தாலும் மிச்சம் வராது. அந்த வீட்டுக்குத் தேவை ஒரு மூடி.

பிரஷர் குக்கரின் மகிமையே இதுதான். உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது, ஆவியும் உள்ளேயே நிற்கிறது. ஆனால் நம்மூர் வழக்கத்தில் குக்கர் என்றால் விசில் எண்ணுவது. கொண்டைக்கடலைக்கு எட்டு விசில், ஆட்டுக்கறிக்குப் பத்து விசில் என்று சமையல் குறிப்பே விசிலில்தான் எழுதப்படுகிறது! ஒவ்வொரு விசிலும், தேவைக்கு மேல் கொடுத்த சூடு ஆவியாக வெளியே போவதன் சத்தம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு நிமிடக் கணக்கில் வைத்தால் அதே கடலை அதே பதத்தில் வேகும். ராத்திரி ஊறப்போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம்.

எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரை இந்தப் பார்வையில் வைத்தால் அது ஒன்றும் மோசமில்லை. 700 வாட், ஒரு ஆளுக்கோ இரண்டு பேருக்கோ சாதம் வேக இருபது முதல் இருபத்தைந்து நிமிடம், ஆக மொத்தம் கால் யூனிட்டுக்கு முன்பின். தண்ணீர் தீர்ந்து அடிப்பாத்திரத்தின் சூடு 100-ஐத் தாண்டியதும் சுவிட்ச் தானாக விழுந்துவிடும். மறதிக்காரர்களுக்கு இதைவிட நல்ல அடுப்பு கிடையாது. இண்டக்‌ஷனில் பிரஷர் குக்கர் வைத்தாலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும். நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்தால் கூடுதல் செலவு, ஏனென்றால் கொதிக்கக் கொதிக்க வடிகட்டிய கஞ்சியின் சூட்டுக்கும் காசு கொடுத்தாகிவிட்டது (அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்பவர்களுக்கு மட்டும் மன்னிப்பு).

ரைஸ் குக்கர் நிஜமாகவே தப்புச் செய்யும் இடம் ஒன்று உண்டு. சுவிட்ச் விழுந்த பிறகு எரியும் அந்த 'வார்ம்' விளக்கு. 40 வாட் தானே என்று யாரும் கண்டுகொள்வதில்லை. காலை எட்டு மணிக்கு வைத்துவிட்டு கல்லூரிக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வந்தால் அது 0.4 யூனிட். சாதம் வேக ஆனதைவிட அதைச் சூடாக வைக்க ஆனது அதிகம்! பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனால் தீர்ந்தது.

சரி, பெரிய சண்டைக்கு வந்துவிடலாம். கேஸா, கரண்ட்டா?

இதில் இரண்டு கட்சி. "கேஸ்தான் சீப், இண்டக்‌ஷன் வாங்கினா கரண்ட் பில்லு எகிறிடும்" என்பது முதல் கட்சி. "இண்டக்‌ஷன்ல பாதி செலவு" என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வந்து பேசுவது இரண்டாவது கட்சி. இரண்டு பேருமே தங்கள் வீட்டு மின் அட்டையைப் புரட்டிப் பார்க்காமல்தான் பேசுகிறார்கள்.

கேஸ் கணக்கு இது. 2025 ஏப்ரல் விலையேற்றத்துக்குப் பிறகு சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது, அந்த விலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ கேஸில் இருப்பது சுமார் 12.8 யூனிட் வெப்பம். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டு கேஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். அது சோதனைச் சாலையில், அகலமான பாத்திரத்தில். சின்னப் பாத்திரம், ஜன்னல் காற்று, பாத்திரத்தைச் சுற்றி மேலேறும் தீ எல்லாம் இருக்கும் வீட்டில் 60 சதவீதம் என்று வைத்தால் தாராளம். அப்படிப் பார்த்தால் பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு கேஸில் 8 ரூபாய். இண்டக்‌ஷன் 85 சதவீதம் சேர்க்கும். ஆகவே மின்கட்டணம் யூனிட்டுக்கு 6 ரூபாய் 80 காசுக்குக் கீழே இருந்தால் இண்டக்‌ஷன் லாபம், மேலே போனால் கேஸ் லாபம்.

"எங்க வீட்ல யூனிட் எவ்வளவு?" என்பதுதான் இங்கே சிக்கலான கேள்வி. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (2024 ஜூலையில் சுமார் 4.8 சதவீதம் உயர்த்தினார்கள், கணக்குக்கு 2022-ன் முழு எண்கள் வசதி). இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரை கிடைத்த அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், 501-லிருந்து 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய், அதற்கு மேல் 9, 10, 11 என்று ஏறும். சரியாக 500 யூனிட்டில் நின்றால் பில் 1725 ரூபாய். 501 என்றால் 1958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! அந்த யூனிட்டை எரித்தது அடுப்பா, ஐயர்ன் பாக்ஸா, தம்பி பார்த்த கிரிக்கெட் மேட்ச்சா என்று மீட்டருக்குத் தெரியாது. வீட்டில் புதிதாக வந்தது அடுப்பு என்பதால் பழி அதன் தலையில்.

ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 128 யூனிட் வேண்டும். சிலிண்டர் 45 நாள் வரும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் 171 யூனிட் கூடும், மிச்சமாகும் கேஸ் காசு 1158 ரூபாய். ஏற்கெனவே 250 யூனிட் செலவழிக்கும் வீடென்றால் பில் 450-லிருந்து 1251 ஆகும். கூடுதல் 801 ரூபாய்தான், ஆகவே 357 ரூபாய் லாபம். அதே குடும்பம் பெட்ரூமில் ஏசி போட்டு 400 யூனிட்டில் இருந்தால்? 571-க்குப் போகும், பில் 1125-லிருந்து 2518 ஆகும். கூடுதல் 1393 ரூபாய், ஆகவே 235 ரூபாய் நஷ்டம். அதே அடுப்பு, அதே சாம்பார். ஒரு வீட்டுக்கு லாபம், எதிர் வீட்டுக்கு நஷ்டம். இரண்டு வீட்டுக்காரர்களும் டீக்கடையில் சந்தித்தால் ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. லாபம் வருவது ஏசி இல்லாத, குறைவாகக் கரண்ட் செலவழிக்கும் சின்ன வீட்டுக்கு. இண்டக்‌ஷன் வாங்கப் பயப்படுவதும் அதே வீடுதான். பயத்துக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு: அலுமினியப் பாத்திரம், மண்சட்டி, பித்தளை எதுவும் சாதாரண இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். அடுப்பு விலையோடு ஒரு குக்கர், ஒரு தோசைக்கல், ஒரு வாணலி விலையையும் சேர்த்தால் மிச்சமாகும் 357 ரூபாய் அதை அடைக்கப் பல மாதம் ஆகும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

"அனல் மின் நிலையத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் வீணாகப் போகிறது, அப்புறம் என்ன 85 சதவீதம்?" என்று அறிவியல் பேசுகிறவர்களும் வருவார்கள். நிலக்கரிக் கரண்ட்டைப் பொறுத்தவரை அது உண்மை, மறுப்பதற்கில்லை. கேஸும் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை, நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. அது நாட்டுக்கான விவாதம், நடக்கட்டும். ஆனால் வாடகை அறையில் கெட்டிலைத் தடுத்தவர் நிலக்கரியை நினைத்துத் தடுக்கவில்லை.

ஏர் ஃபிரையர் வியாபாரத்தையும் இங்கேயே தொட்டுவிடலாம். எண்ணெய் குறையும் என்கிறார்கள், குறையும்தான். அதைக் கேட்டவர்கள் கரண்ட்டும் குறையும் என்று தாங்களாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். 1400 வாட், இருபது நிமிடம், ஏறக்குறைய அரை யூனிட்டுக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு. பெரிய ஓவனை நாற்பது நிமிடம் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் மிச்சம். நம்மூரில் எத்தனை வீட்டில் ஓவன் இருந்தது, அதை மிச்சம் பிடிக்க? வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு மூடி போட்டு வதக்கும் ரோஸ்ட்டோடு ஒப்பிட்டால் கதை மாறிவிடும்.

இனி மறுபடி அந்த வாடகை அறைக்கு. ஒற்றை ஆள். காலையில் ஒரு கெட்டில், மாலையில் ஒரு கெட்டில், ஒரு தடவை சாதம், இண்டக்‌ஷனில் ஒரு குழம்பும் ஒரு பொரியலும். தாராளமாகப் போட்டாலும் நாளைக்கு 0.7 அல்லது 0.8 யூனிட். பத்து ரூபாய் ரேட்டில் 8 ரூபாய், மாதம் 240. மெஸ்ஸில் இரண்டே நாள் சாப்பிட்டால் இந்தக் காசு தீர்ந்துவிடும். கேஸ் வைத்துக்கொள்ளலாமே என்றால், முகவரிச் சான்று இல்லாதவர்களுக்குக் கிடைப்பது 5 கிலோ சிலிண்டர்தான், அதில் கிலோ விலை வீட்டு சிலிண்டரைவிட அதிகம்.

பத்து ரூபாய் என்பதும் கற்பனை விலை இல்லை. அறைக்கு அறை சப்-மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் நகரத்தில் ஏராளம். இவர்களில் பலர் வாரியத்துக்குக் கட்டுவது அதைவிடக் குறைவு. நாலரை ரூபாய்க்கு வாங்கியதைப் பத்து ரூபாய்க்கு விற்கிறவருக்கு, வாங்குகிறவன் இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கினால் என்ன நஷ்டம்? ஒரே மீட்டரில் நாலு அறையை ஓட்டி, மொத்தம் 500-ஐத் தாண்டிவிடும் என்று பயந்தால் அது நிஜமான பயம். அப்போது அதைச் சொல்லி, கணக்கைக் காட்டிக் காசு கேட்கலாம். சமைக்கவே கூடாது என்பது கணக்கு அல்ல.

தடைக்கு ஒரே ஒரு நேர்மையான காரணம் இருக்கிறது, அதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயரிங். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் எடுப்பது 8.7 ஆம்பியர். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்குத்தான். அதில் இண்டக்‌ஷனைச் சொருகினால் பிளக் கறுக்கும், மல்ட்டி பிளக்கில் சொருகினால் தீயே பிடிக்கலாம். சுருள் கம்பி வெளியே தெரியும் அந்த மலிவு காயில் அடுப்பையோ பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடையோ ஹாஸ்டலில் தடை செய்தால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது, அது உயிர் விஷயம். "இந்த அறையில் 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லை" என்று வீட்டுக்காரர் சொன்னால் அது பதில். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, ஒரு பாயிண்ட் இழுத்துத் தரும் செலவு யாருடையது என்பது. ஒருவேளை அதனால்தான் சொல்வதில்லையோ என்னவோ.

ஆனால் 700 வாட் ரைஸ் குக்கர் எடுப்பது மூன்றே ஆம்பியர். துணி தேய்க்கும் ஐயர்ன் பாக்ஸும் அவ்வளவுதான், சிலது அதற்கும் மேல். அது அதே சின்ன பாயிண்ட்டில் தினமும் காலையில் சொருகப்படுகிறது, அதற்கு இதுவரை யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை :-)